செவி காட்டும் திசை

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

எனக்கு வலக் காது கேட்காது. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் வடிந்தது, அந்தக் காதின் கேள்வியும் அதனுடனேயே போய்விட்டது. வகுப்புத் தோழர்களில் பலர் இதை அறியமாட்டார்கள். ஒரு காது செவ்வையாக இருந்தால் பேச்சைக் கேட்பதில் பெருங்குறை ஏதும் இல்லை. முதல் வரிசைப் பெஞ்சின் வலக்கோடியில் இடம் பிடித்துக்கொண்டால் பேராசிரியரின் குரலும் நண்பர்களின் முணுமுணுப்பும் எல்லாம் இடப்புறமே வந்துவிடும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வராந்தாவில் யாராவது என் பெயரைச் சொல்லி அழைத்தால் அழைப்பு கேட்கும்; அழைத்தவர் எந்தப் பக்கம் என்பது தெரியாது. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். இதைக் கண்டுதான் நண்பர்கள் எனக்குப் ‘பம்பரம்’ என்று பெயர் சூட்டினார்கள். பெயரைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் சென்ற ஆண்டு ஒரு நாள் கல்லூரி வாயிலின் எதிரே சாலையைக் கடக்கும்போது லாரியின் ஹார்ன் கேட்டது. இடப்புறம் வருகிறது என்றெண்ணி வலப்புறம் ஒதுங்கினேன். லாரி வலப்புறமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. உடன் வந்த நண்பன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்ததால் இக்கட்டுரையை எழுத நான் இருக்கிறேன்.

இரு காது உடையவனுக்கு நொடியில் புலப்படும் ஒன்று எனக்கு ஏன் புலப்படவில்லை? அன்று மாலை நூலகத்தில் தேடத் தொடங்கியதுதான்.

கண்ணோடு ஒப்பிட்டால் காதின் இக்கட்டு விளங்கும். கண்ணுக்குள் விழித்திரையில் ஒரு படமே விழுகிறது. மேலே உள்ளது ஓரிடத்திலும் கீழே உள்ளது வேறிடத்திலுமாகப் பதிந்துவிடுவதால் திசை அங்கேயே இருக்கிறது. காதில் அப்படி ஒன்றுமில்லை. செவிப்பறை உள்ளும் புறமும் அசையும், அவ்வளவே. கோயில் மணியும் குழந்தையின் அழுகையும் சைக்கிள் மணியும் ஒன்றாகக் கலந்து அந்த ஒரே அசைவாகத்தான் உள்ளே நுழைகின்றன. அந்த அசைவில் ‘இது வடக்கு, இது கிழக்கு’ என்ற குறிப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

விடையின் முதற் பகுதியைத் தந்தவர் நமக்கெல்லாம் வானத்தின் நீலத்தால் அறிமுகமான ராலே பிரபு. ஒளிச் சிதறலுக்காக நாம் படிக்கும் அதே ராலேதான். 1870-களில் இங்கிலாந்தில் தம் வீட்டுப் புல்வெளியில் கண்ணை மூடி நின்றுகொண்டு, சுற்றிலும் ஆட்களை நிறுத்திப் பேசச் செய்து, குரல் வந்த திசையைச் சொல்லிப் பார்த்தார். மனிதக் குரலென்றால் பெரும்பாலும் பிழையில்லை. இசைக்கவையை ஒலிக்கச் செய்தபோது ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. இடமா வலமா என்பது எளிதில் தெரிந்தது. முன்னா பின்னா என்பது தெரியவே இல்லை. இந்தச் சிறு விசித்திரத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதனிடமே திரும்பி வருவோம்.

1907-இல் ராலே தம் முடிவை முழுமையாக வெளியிட்டார். திசையறிவதற்கு இரண்டு துப்புகள் உள்ளன. ஒன்று காலம், மற்றது வலிமை. இடப்புறம் எழும் ஒலி இடக் காதை முதலில் அடையும். வலக் காதைச் சற்றுத் தாமதித்து அடையும். அத்துடன் நடுவே தலை நிற்பதால் வலக் காது அதன் நிழலில் அமைந்து, அங்கே ஒலி மெலிந்துவிடும்.

அந்தத் தாமதம் எவ்வளவு? இதைக் கணக்கிட நம் பாடப் புத்தகமே போதும். தலையை 8.75 செ.மீ. ஆரமுள்ள உருண்டை என்று கொள்வோம். நேர் பக்கவாட்டில் எழும் ஒலி தூரத்துக் காதை அடைய ஓர் ஆரத் தொலைவும், அதன்மேல் உருண்டையைச் சுற்றிக் கால் வட்டமும் கூடுதலாகச் செல்ல வேண்டும். 8.75-உடன் 13.74-ஐக் கூட்டினால் சுமார் 22.5 செ.மீ. நம்மூர் வெப்பத்தில், 30 பாகை செல்சியசில், ஒலியின் வேகம் வினாடிக்கு 349 மீட்டர். வகுத்தால் வருவது ஏறத்தாழ 0.00065 வினாடி. ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூற்றின் மூன்றில் இரண்டு பங்கு. இதுதான் மிகப் பெரிய தாமதம். நேர் எதிரே வரும் ஒலிக்குத் தாமதம் சுழி. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே மூளை பாகை பாகையாகத் திசையைப் பிரிக்கிறது. பயிற்சி பெற்ற செவிகள் வினாடியின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள வேறுபாட்டையும் உணர்வதாகக் கண்டிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே உள்ள ஒலியாயின் ஒரு பாகை விலகலும் தெரிந்துவிடும்.

இதை நம்ப மறுத்த நண்பர்களுக்காக நம் துறை ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்தோம். ஒரு மீட்டர் நீளமுள்ள ரப்பர் குழாயை எடுத்து, அதன் நடுவில் மையால் அடையாளமிட்டோம். இரு முனைகளையும் ஒருவன் தன் காதுகளில் பொருத்திக்கொண்டு குழாயைப் பின்புறமாகத் தொங்கவிட வேண்டும். பின்னால் நிற்பவன் பென்சிலால் குழாயைத் தட்டுவான். நடுப்புள்ளியிலிருந்து 1 செ.மீ. வலப்புறம் தட்டினால் ஒரு பாதை 1 செ.மீ. குறைகிறது, மற்றது 1 செ.மீ. கூடுகிறது. பாதை வேறுபாடு 2 செ.மீ., கால வேறுபாடு 0.000057 வினாடி. கேட்டவர்கள் தயங்காமல் ‘வலம்’ என்றார்கள். கையில் நிறுத்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஊசலின் அலைவு நேரத்தைத் தப்பும் தவறுமாக எண்ணும் நாமே, காதுகளுக்கிடையில் இப்படியொரு கடிகாரத்தைச் சுமந்து திரிகிறோம். சோதனையில் நான் தட்டுபவனாக மட்டுமே இருந்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வலிமைத் துப்பு எல்லா ஒலிக்கும் பயன்படாது. 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1.75 மீட்டர். ஆற்றில் நட்ட கழியைச் சிற்றலை சுற்றிக்கொண்டு போவதுபோல் அது தலையைச் சுற்றிக்கொண்டு போய்விடும், நிழல் விழாது. 5000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 செ.மீ.தான். அதற்குத் தலை ஒரு சுவர். உயர் அதிர்வெண்களில் இரு காதுகளுக்குமிடையே 20 டெசிபல் அளவுக்கும் வேறுபாடு ஏற்படக்கூடும். காலத் துப்பின் கதை இதற்கு நேர் எதிரானது. 1500 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அலையின் ஒரு முழுச் சுற்றே மேலே கணக்கிட்ட 0.00065 வினாடிக்குள் முடிந்துவிடும். பிறகு எந்தக் காதின் அலை முந்தியது, எது பிந்தியது என்று கட்டத்தைக் கொண்டு சொல்ல முடியாமற் போகும். ஆக, தாழ்ந்த ஒலிக்குக் காலமும் உயர்ந்த ஒலிக்கு வலிமையும் துணை நிற்கின்றன.

இத்துடன் கணக்கு முடிந்தது என்றுதான் பல பாட நூல்கள் நிறுத்திக்கொள்கின்றன. முடியவில்லை. நேர் முன்னே உள்ள ஒலிக்கும் நேர் பின்னே உள்ள ஒலிக்கும் உச்சந்தலைக்கு மேலே உள்ள ஒலிக்கும் இரு காதுகளும் சம தொலைவில் இருக்கின்றன. தாமதம் சுழி, வலிமை வேறுபாடும் சுழி. அப்படியானால் தென்னை மரத்தில் கரையும் காக்கையைத் தேடி நாம் ஏன் தரையைப் பார்ப்பதில்லை? ராலேயின் இசைக்கவை சுட்டிய புதிர் இதுதான். 1936-இல் ஹார்வர்டில் ஸ்டீவன்ஸ், நியூமன் என்ற இருவர் எதிரொலியைத் தவிர்ப்பதற்காகக் கட்டடக் கூரையின்மேல் உயரமான நாற்காலியை அமைத்து ஆளை அமர்த்தி ஆராய்ந்தார்கள். தூய சுரங்களில் முன்னும் பின்னும் குழம்புவதை அவர்களும் கண்டார்கள்.

விடை செவிமடலில் இருக்கிறது. இந்த மடலை நாம் மதிப்பதே இல்லை. கம்மல் போடவும், கண்ணாடியின் கால் மாட்டவும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திருகவும் அமைந்தது என்றே எண்ணியிருக்கிறோம். அதன் மேடு பள்ளங்களைக் கண்ணாடியில் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். வரும் ஒலியில் ஒரு பகுதி நேரே செவிக்குழலுக்குள் நுழைகிறது. மற்றொரு பகுதி அந்த மடிப்புகளில் பட்டுத் திரும்பிச் சற்றே பிந்தி நுழைகிறது. இரண்டும் கூடும்போது நாம் நன்கறிந்த குறுக்கீட்டு விளைவு ஏற்படுகிறது. பட்டுத் திரும்பிய ஒலியின் கூடுதல் பாதை 2.1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அலைநீளம் 4.2 செ.மீ. உள்ள ஒலிக்கு அது சரியாக அரை அலை. எனவே 8000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒலி ஒன்றையொன்று அழித்து, அங்கே ஒரு பள்ளம் விழும். ஒலி மூலம் மேலே உயர்ந்தால் பட்டுத் திரும்பும் பாதை குறுகும். பள்ளம் உயர்ந்த அதிர்வெண்ணுக்கு நகரும். இது மிக எளிமைப்படுத்திய கணக்கு. உண்மையான காதில் பள்ளங்களும் மேடுகளும் பல. ஆனால் நியதி இதுவே: ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் ஒலியின்மேல் மடல் ஒரு தனி முத்திரையைக் குத்தி அனுப்புகிறது. இசைக்கவையில் ஒரே ஓர் அதிர்வெண் இருப்பதால் முத்திரை குத்த இடமில்லை. குரலில் பல அதிர்வெண்கள் இருப்பதால் இடமுண்டு. ராலேயின் விசித்திரம் இவ்விடத்தில் அவிழ்கிறது.

மடலின் இந்தப் பங்கை 1967-இல் பேட்டோ என்பவர் வலியுறுத்தி எழுதினார். 1973-இல் எம். பி. கார்ட்னர், ஆர். எஸ். கார்ட்னர் இருவரும் மடலின் குழிகளை ரப்பரால் படிப்படியாக நிரப்பிப் பார்த்தார்கள். நிரப்ப நிரப்ப மேல் கீழ் அறியும் ஆற்றல் குறைந்துகொண்டே வந்தது. ஜெர்மானியரான பிளாவர்ட் கண்டது இன்னும் வேடிக்கை. 8000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள குறுகிய இரைச்சலை நேர் எதிரிலிருந்து ஒலிக்கச் செய்தாலும் கேட்போர் ‘மேலே’ என்றே சொன்னார்கள். முத்திரையைப் பார்த்து ஏமாந்த தபால்காரரைப் போல் மூளை முகவரியைத் தவறாகப் படிக்கிறது.

விடுதியில் நாங்கள் ரப்பருக்குப் பதில் சப்பாத்தி மாவைப் பயன்படுத்தினோம். செவிக்குழலின் வாயைத் திறந்தே விட்டு மடலின் மடிப்புகளை மட்டும் மாவால் மெழுகி, கண்ணைத் துண்டால் கட்டி, விளையாட்டுத் திடலின் நடுவில் ஒருவனை முக்காலியில் உட்கார வைத்தோம். எதிரே மூங்கிற் கழியில் சாவிக் கொத்தைக் கட்டி ஏற்றியும் இறக்கியும் குலுக்கினோம். மாவு இல்லாதபோது விரலை நீட்டிச் சரியாகக் காட்டியவன், மாவு பூசியபின் சாவி தலைக்கு மேலே இருக்கும்போதும் மூக்குக்கு நேரே காட்டினான். இட வலத்தில் தடுமாற்றமே இல்லை. (செய்து பார்ப்பவர்கள் மாவைக் குழலுக்குள் தள்ளிவிடாமல் கவனமாக இருக்க வேண்டும்.)

கூகைக்கு இந்த மடல் கிடையாது. அதற்கு ஒரு காதின் துளை சற்று மேலும் மற்றது சற்றுக் கீழுமாக அமைந்திருக்கிறது. எனவே கால வேறுபாடு அதற்கு இட வலத்தையும், வலிமை வேறுபாடு மேல் கீழையும் தெரிவிக்கின்றன. கும்மிருட்டில் எலியைப் பிடிக்க அது போதும்.

இனி, அளப்பது எப்படி என்று பார்ப்போம். தலையும் மடலும் தோளும் சேர்ந்து ஒலிக்குச் செய்யும் மாற்றம் முழுவதையும் ஒவ்வொரு திசைக்கும் அளந்து வைத்தால் அதற்குத் ‘தலைசார் பரிமாற்றச் சார்பு’ என்று பெயர். பெயர்தான் பயமுறுத்துகிறது, செய்முறை எளிது. சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் நுரைக் கூம்புகள் பதித்து எதிரொலியே இல்லாமற் செய்த அறையில் ஒருவரை அமர்த்துகிறார்கள். இரு செவிக்குழல்களின் வாயிலும் மிகச் சிறிய ஒலிவாங்கிகளைப் பொருத்துகிறார்கள். ஒரு குறிப்பிட்ட திசையில் உள்ள ஒலிபெருக்கி, தாழ்ந்த சுரத்திலிருந்து உச்ச சுரம் வரை வழுக்கிச் செல்லும் ஓர் ஒலியை எழுப்புகிறது. காதில் பதிவானதைக் கணிப்பொறி வாங்கிக்கொள்கிறது. பின்னர் ஆளை எழுப்பிவிட்டு, அவர் தலை இருந்த இடத்தில் ஒலிவாங்கியை மட்டும் நிறுத்தி மீண்டும் அளக்கிறார்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒலிபெருக்கியின் குணமும் ஒலிவாங்கியின் குணமும் நீங்கி, அந்த ஆளின் உடம்பு செய்த வேலை மட்டும் மிஞ்சும். திசைக்கு ஒருமுறை இப்படி.

எத்தனை திசை என்பதில்தான் தொல்லை. 1994-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பில் கார்ட்னரும் (இவர் வேறு கார்ட்னர்) கீத் மார்ட்டினும் 1.4 மீட்டர் தொலைவிலிருந்து 710 திசைகளில் அளந்தார்கள். அவர்கள் அளந்தது மனிதரை அன்று. கெமர் என்னும் பொம்மையை. காது கேட்கும் கருவிகளைச் சோதிப்பதற்காக 1972-இல் உருவாக்கப்பட்ட பொம்மை அது. வயது வந்தோரின் சராசரி அளவுகளைக் கொண்டு தலையும் மார்பும் அமைத்து, ரப்பர் மடல் மாட்டி, செவிப்பறை இருக்குமிடத்தில் ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். பொம்மைக்குக் கழுத்து வலிக்காது, தும்மல் வராது, தேநீர் வேளையும் கிடையாது. ஒரு புறம் சிறிய மடலும் மறு புறம் பெரிய மடலும் மாட்டி, ஒரே அமர்வில் இரு வகைக் காதுகளையும் அளந்துகொண்டார்கள். அளவுகளை எவரும் இலவசமாகப் பெறலாம் என்று வழங்கியது அவர்கள் செய்த பெரிய உபகாரம்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2001-இல் வெளியிட்ட தொகுப்பில் 45 பேர். அவற்றில் இரண்டு, இருவகை மடல் மாட்டிய அந்தப் பொம்மையே. ஒவ்வொருவருக்கும 1250 திசைகள். அத்துடன் தலை, கழுத்து, தோள், மடல் ஆகியவற்றின் நீள அகலங்களாக 27 அளவுகளும் எடுத்துச் சேர்த்தார்கள். உடம்பின் அளவுக்கும் ஒலியின் முத்திரைக்கும் என்ன உறவு என்று காண்பதற்காக. பின்னர் 2006-இல் வேறு சிலர் இதைத் தலைகீழாக்கினார்கள்: காதுக்குள் சிறு ஒலிபெருக்கியையும் சுற்றிலும் பல ஒலிவாங்கிகளையும் வைத்து, எல்லாத் திசைகளையும் ஒரே வீச்சில் எடுத்தார்கள். ஒலி ‘அ’-விலிருந்து ‘ஆ’-வுக்குச் செல்வதும் ‘ஆ’-விலிருந்து ‘அ’-வுக்குச் செல்வதும் ஒன்றே என்ற பழைய விதி இவ்வளவு சிக்கனத்தைத் தருமென்று நான் எண்ணியதில்லை.

இந்த அளவுகளால் என்ன பயன்? சாதாரண ஹெட்போனில் பாட்டுக் கேட்டால் பாடகர் நம் மண்டைக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கும். அந்தப் பாட்டை ஒரு திசையின் முத்திரையோடு கலந்து கொடுத்தால் அவர் மண்டையை விட்டு வெளியேறி அத்திசையில் போய் நிற்பார். 1989-இல் வைட்மன், கிஸ்லர் இருவரும் ஒவ்வொருவர் காதையும் தனித்தனியே அளந்து இதை நன்கு நிறுவினார்கள். ஆனால் ஒருவருடைய காதின் அளவை மற்றொருவருக்குக் கொடுத்தால் இட வலம் மட்டும் தேறுகிறது. மேல் கீழும் முன் பின்னும் குழம்புகின்றன. கைரேகையைப் போல மடலும் ஆளுக்கு ஆள் வேறு. சராசரிப் பொம்மையின் காது, எல்லோருக்குமென்று தைத்த சட்டை. இன்று சில கைபேசிகள் காதைப் படம் பிடித்து அவரவர்க்குரிய அளவைக் கணிக்க முயல்கின்றன. தொகுப்புகளில் எந்த நாட்டார் காதுகள் எத்தனை இருக்கின்றன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

பிறர் காது நமக்கு ஒவ்வாது என்றேன். உடனே ஒவ்வாது, பழகினால் ஒவ்வும். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஹாஃப்மன், வான் ஓப்ஸ்டால் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வை மூன்று முறை படித்தேன். நால்வரின் மடல்களில் அச்சு வார்ப்புகளைப் பொருத்தி, அவற்றுடனேயே வாரக்கணக்கில் நடமாட விட்டார்கள். முதல் நாள் மேல் கீழ் அடியோடு குழம்பியது, எங்கள் மாவுச் சோதனையைப் போலவே. ஆறு வாரங்களுக்குள் புதிய காது பழகிவிட்டது. வியப்பு அதன் பிறகுதான்: வார்ப்பைக் கழற்றியதும் பழைய காதின் அறிவு அப்படியே இருந்தது. புதிய எழுத்தைக் கற்றதால் பழைய எழுத்து மறக்கவில்லை. மடல் வயதோடு சிறிது சிறிதாக வளர்ந்துகொண்டே போவதால் இந்தக் கற்றல் நம் எல்லோருக்குள்ளும் ஓயாமல் நடந்தாக வேண்டும்.

அப்படியானால் ஒற்றைக் காதுக்காரன்? முத்திரையைப் படிக்க ஒரு காது போதுமே! இங்கேதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. அதே நைமேகனில் வான் வன்ரோயும் வான் ஓப்ஸ்டாலும் 2004-இல் நெடுங்காலமாக ஒரு காது கேளாதவர்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சிலர் மடலின் முத்திரையைக்கூட இட வலம் காணப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பெரும்பாலும் அவர்கள் நம்புவது தலை நிழலை: உரக்கக் கேட்டால் நல்ல காதின் பக்கம், மெலிந்து கேட்டால் கேளாத காதின் பக்கம். இந்த உபாயம் ஒலியின் உண்மையான வலிமை முன்பே தெரிந்திருந்தால்தான் பலிக்கும். நான் இரண்டு வாரம் என்னையே கவனித்துக் குறித்து வைத்தேன். தினமும் வரும் டவுன் பஸ்ஸின் ஹார்ன் எனக்குத் திசையோடு கேட்கிறது. வெளியூர் லாரியின் ஹார்ன் கேட்பதில்லை. அன்று அந்த லாரி மிக உரத்த ஹார்னுடன் வந்தது. உரக்கக் கேட்டது, ஆகவே இடப்புறம் என்று என் மூளை தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பு அதன் விதிப்படி சரிதான்.

காது மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். கேளாத பக்கத்து ஒலியைக் கேட்கும் காதுக்குக் கடத்தும் கருவி உண்டு என்றார். வலப்புறம் பேசுவது கேட்கும். திசை அதனால் கிடைக்காது என்றும் சொன்னார். ஏன் கிடைக்காது என்பது இப்போது எனக்கே தெரியும். இரு பக்கத்து ஒலியும் ஒரே கதவு வழியாக வருகின்றன.

ஆனால் 1940-இல் வாலக் என்பவர் எழுதியது ஒன்று உதவிற்று. ஒலி தொடர்ந்து கேட்கும்போது தலையைத் திருப்பினால் முன் பின் குழப்பம் நீங்கும் என்று அவர் காட்டினார். முன்னே உள்ள ஒலியும் பின்னே உள்ள ஒலியும் திருப்பத்துக்கு எதிரெதிராக மாறும் அல்லவா? ஒற்றைக் காதுக்கும் இதில் வழியுண்டு. திரும்பும்போது ஒலி எங்கே ஓங்குகிறதோ அங்கே காது சுட்டுகிறது. வராந்தாவில் நான் சுற்றியது சரியான செய்முறையே. இப்போது சாலை ஓரத்தில் நின்று, இடமும் வலமும் நிதானமாகத் தலையைத் திருப்பிக் கேட்டுவிட்டு, கண்ணாலும் பார்த்துவிட்டு இறங்குகிறேன். உடன் வருபவர்கள் என் இடப்புறமாக நடந்தால் பேச்சும் தடைப்படாது.

ரப்பர் குழாய் துறை ஆய்வகத்தில் ஊசல்கள் தொங்கும் அலமாரியின் கீழ்த் தட்டில் இருக்கிறது. நடுவிலிட்ட மை இன்னும் அழியவில்லை. செய்து பார்க்க விரும்புவோர் ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.